பட்டாணிக்கொடியின் வலது பாதி

கணினித் திரையில் எந்தப் பெட்டி எழும்பி எதைக் கேட்டாலும் அஸ்கெர் த்ரானெ 'சரி'யை அமுக்கிவிடுவார். படிப்பதில்லை. இருபத்தாறு வருடம் ஒரே மென்பொருளில் கல்லறைக் கல்லுக்கு எழுத்தும் பூவும் வரைந்தவர். அது எப்போது கேட்கும், என்ன கேட்கும் என்பதெல்லாம் கட்டின மனைவியின் கேள்விகளைப் போலப் பழகிப்போயிருந்தது. சரி, சரி, சரி. மென்பொருள் ஒருநாளும் அவரைக் கைவிட்டதில்லை. மனைவி மெரெத்தெதான் போன இலையுதிர்காலத்தில் விட்டுவிட்டுப் போனாள்.

பட்டறை ஸ்கீவெ ஊருக்கு வெளியே, பன்றித் தீவனக் கிடங்குக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது. அஸ்கெர் திரையில் கோடு போடுவார். அந்தக் கோட்டின் வழியே ஒரு இயந்திரம் ரப்பர் தாளை வெட்டும். தாளைக் கல்லில் ஒட்டி மணலைப் பீய்ச்சினால், வெட்டின இடத்தில் கல் குழிந்து எழுத்தாகும். கல்லுக்கு அழிரப்பர் கிடையாது. ஆகவே திரையில் இருப்பதுதான் கடைசி வார்த்தை. ஊரில் பாதிப் பேருக்குக் கடைசி வார்த்தை எழுதினவர் என்ற மிதப்பு அஸ்கெருக்கும் கொஞ்சம் உண்டு. எழுதியதெல்லாம் பெரும்பாலும் 'எல்லாவற்றுக்கும் நன்றி' என்ற ஒரே வரிதான் என்பது வேறு விஷயம்.

பட்டறைக்கு வரும் கற்களில் முக்கால்வாசி அரைக்கற்கள். புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கல். இடது பாதியில் முந்திக்கொண்டவர் பெயர், வலது பாதி வழவழவென்று காலி. மிச்சமிருப்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து பூ வைத்து, சரளையை வாரிவிட்டு, போகிற போக்கில் தன் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அந்தப் பாதி பத்து வருடம் கழித்து நிரம்பலாம், முப்பது வருடம் கழித்தும் நிரம்பலாம். அன்றைக்கு எழுத்து இடது பாதியோடு அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் காத்திருக்கும் ஒவ்வொரு பாதியையும் அஸ்கெர் கணினியில் பத்திரமாக வைத்திருந்தார். நானூற்றுச் சொச்சம் பேர் அங்கே தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள், தபால் ஆபீஸில் சீட்டு எடுத்தவர்களைப் போல.

அவர்களில் அஸ்கெரும் ஒருவர்.

மெரெத்தெயின் கல்லை அவர்தான் வரைந்தார். கொடியை மட்டும் அவர் வரையவில்லை. மருத்துவமனையில் படுத்துக்கொண்டு மடியில் பலகைக் கணினியை வைத்து, நடுங்கும் கையால் பேனாவைப் பிடித்து அதை அவளே வரைந்தாள். ரோஜா இல்லை, புறா இல்லை, பட்டாணிக் கொடி. ஜூன் மாதத்தில் தோட்டத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணியை உரித்துத் தின்பதைத் தவிர அவளுக்கு வேறு மதம் கிடையாது. கொடி இடது பாதியில் கிளம்பி, அவள் பெயரைச் சுற்றி, சுருட்டைப் பற்றுக்கம்பியை நீட்டிக்கொண்டு வலது பாதிக்குள் போகிறது. அங்கே ஒரே ஒரு காய் தொங்குகிறது. காயில் ஒரு ஓட்டை.

"இது என்ன ஓட்டை?"

"புழு தின்னது."

"என் பாதியிலயா புழு?"

"பின்ன என் பாதியிலயா? முப்பத்தோரு வருஷம் என் தோட்டத்துல உக்காந்து தின்னுட்டே இருந்த புழு எது, சொல்லு. உன் மூஞ்சியை வரைய எனக்குத் தெம்பில்லய்யா. ஓட்டையோட நிறுத்திக்கிட்டேன்."

அவள் சொன்னது அவ்வளவுதான். அடுத்த வாரம் பேச்சு நின்றுவிட்டது. இடது பாதி கல்லில் இறங்கியது. வலது பாதி, அந்தக் காயும் புழுத்துளையும், அஸ்கெரின் கணினியில் கோடாக மட்டும் இருந்தது. தாளில் எங்கும் இல்லை. தானும் போய்ப் படுக்கும்போது யாராவது அதை வெட்டிவிட்டால் போதும், வாழ்க்கையில் வேறு வேண்டுதல் இல்லை என்று அவர் இருந்தார்.

அப்போதுதான் ஆர்ஹூஸ் நகரத்தில் இருந்து ஒரு குழுமம் வந்து பட்டறையை வாங்கியது. அதன் மேலாளர் பெயர் யெப்பெ லின்ஹார்ட். மெல்லிய தாடி, வெள்ளைக் காலணி, எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற நெருக்கம். வேலையைவிட்டு அனுப்பும்போதும் பெயர் சொல்லித்தான் அனுப்புவான். முதல் நாள் வெண்ணெய் ரொட்டியும் காப்பியும் வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினான்.

"நாம கல் விக்கல. நினைவுங்கிற ஒரு பயணத்துல ஜனங்களோட கைகோத்து நடக்கிறோம்."

கணக்கும் தொலைபேசியும் பார்க்கிற விபெக்கெ வாயில் ரொட்டியோடு கேட்டாள். "பயணம் முடிஞ்சவங்கதானே நம்மகிட்ட வர்றாங்க?"

யெப்பெ அதைக் குறித்துக்கொண்டான். அன்றிலிருந்து தொலைபேசியை எடுத்தால், "வணக்கம், நினைவுப் பயணத்தில் உங்கள் வழித்துணை" என்று சொல்ல வேண்டும் என உத்தரவானது. விபெக்கெ சொன்னாள். அஸ்கெர், "ம்" என்று எடுப்பதையே தொடர்ந்தார்.

அடுத்த உத்தரவுதான் அவரைத் தொட்டது. குழுமம் முழுக்க ஒரே மென்பொருள், புதுசு. பழைய படங்களையெல்லாம் ஒரே வாரத்தில் புதுசுக்கு மாற்றினார்கள். பழைய கணினிகளை ஒரு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போயிற்று. எல்லா வரைவாளரும் காணொளிப் பாடம் பார்த்து 'பொருள் திருத்தம், மூன்றாம் படி' தேற வேண்டும்.

மாற்றின மறுநாள் அஸ்கெர் முதல் வேலையாகத் தன் பாதியைத் திறந்தார். கொடி இருந்தது. ஆனால் ஒரே கோடாக இல்லை, நறுக்கிப்போட்ட கீரை மாதிரி நூறு துண்டாகக் கிடந்தது. காய் இருந்தது. புழுத்துளை இல்லை. புது மென்பொருள் ஓட்டையைக் குறை என்று நினைத்து அடைத்துவிட்டிருந்தது.

அதுவரை பாடத்தைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதர் அன்றிலிருந்து மாணவரானார்.

பாடம் எடுத்தவள் முகம் தெரியாத ஒரு பெண். குரலில் மட்டும் ஒரு பல்பசை விளம்பரமே இருந்தது. "வாங்க, இன்னிக்கு நாம ஒரு பொருளோட மனசுக்குள்ள போய்ப் பாக்கலாம்!" அஸ்கெர் பல்லைக் கடித்துக்கொண்டு போய்ப் பார்த்தார். அறுந்த கோட்டின் நுனிப்புள்ளிகள் இரண்டையும் பிடித்து ஒன்றாக்குவது எப்படி, புள்ளியின் கைப்பிடியை முறுக்கி வளைவை மாற்றுவது எப்படி, ஒரு உருவத்தை இன்னொன்றிலிருந்து கழித்து ஓட்டை போடுவது எப்படி. பழைய மென்பொருளில் விரல் தானாகப் போன இடமெல்லாம் இங்கே வேறெங்கோ இருந்தது. ஒட்டு என்றால் வெட்டியது. வெட்டு என்றால் பெரிதாக்கியது. ஐம்பத்தெட்டு வயதில் தன் விரல்களே தன்னை முட்டாளாக்குவதை அவர் பொறுத்துக்கொண்டார். மத்தியான இடைவேளையில் ஈரல் பசை தடவிய கறுப்பு ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறு கையால் மெரெத்தெயின் கொடியைத் துண்டு துண்டாகச் சேர்த்தார். அவள் கை நடுங்கிய ஒவ்வொரு இடத்திலும் கோட்டில் ஒரு சின்னத் தடுக்கல். அதை ஒன்றுகூட விடாமல், ஒன்றுகூடத் திருத்தாமல் சேர்த்தார்.

ஒரே ஒரு பாடத்தை மட்டும் அவர் பார்க்கவில்லை. அதன் தலைப்பு 'பிரிவது எப்படி?'. "ஹாய்! பிரிவுன்னா பயப்படாதீங்க, அது ரொம்ப ஈசி!" என்று குரல் ஆரம்பித்ததுமே நிறுத்திவிட்டார்.

"என்ன, அதுக்குள்ள முடிஞ்சுதா?" என்றாள் விபெக்கெ.

"அது எனக்குத் தெரிஞ்ச பாடம்."

கடைசியில், ஒரு வியாழக்கிழமை, காயிலிருந்து வட்டத்தைக் கழித்தார். புழுத்துளை திறந்தது. அதன் வழியே திரையின் வெள்ளை தெரிந்தது. அஸ்கெர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, இத்தனையும் கல்லில் எப்படி உட்காரும் என்று பார்க்கிற ஆசை வந்தது. தன் கல்லின் வலது பாதியில் இரட்டைச் சொடுக்குப் போட்டு உள்ளே நுழைந்தார். கொடியை அங்கே நகர்த்தி வைத்தார். கீழே தன் பெயரை அடித்தார். பிறந்த வருடம், ஒரு கோடு, அகலம் தெரிய வேண்டுமே என்று கோட்டுக்கு அப்பால் இறந்த வருடமாகச் சும்மா அடுத்த வருடம். எல்லாம் பாந்தமாக உட்கார்ந்தது. சேமித்தார். ஏதோ பெட்டி எழும்பி ஏதோ கேட்டது. சரி.

பெட்டி கேட்டது இதுதான்: தாய் உருவில் மாற்றம் செய்திருக்கிறீர்கள், எல்லாப் பிள்ளை உருக்களிலும் மாற்றவா?

பழைய மென்பொருளில் நகல் என்றால் நகல். எடுத்த நொடியிலிருந்து அது தனி உயிர். புதுசில் அப்படியில்லை. படங்களை மாற்றியவர்கள் நானூற்றுச் சொச்சம் காலிப் பாதிகளையும் ஒரே ஒரு காலிப் பாதியின் பிள்ளைகளாக்கியிருந்தார்கள். தாயைத் தொட்டால் எல்லாப் பிள்ளைக்கும் வலிக்கும். அதோடு, யெப்பெயின் நெருக்கக் கொள்கை ஒன்றும் இருந்தது. ஒரு கல்லின் படம் மாறினால், காத்திருக்கிறவருக்குத் தபால்தலை அளவில் அதன் மாதிரி தானாகவே மின்னஞ்சலில் போய்விடும். 'உங்கள் பாதி உங்களை நினைக்கிறது' என்று தலைப்பு.

வெள்ளிக்கிழமை காலை அஸ்கெர் உள்ளே வந்தபோது விபெக்கெ தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"என் புருஷன் எய்னருக்குப் பக்கத்துல படுத்திருக்கிற இந்த அஸ்கெர் த்ரானெ யாருடி?" என்றது தொலைபேசி. டாக்னி க்ரோஸ்கோர் என்ற கிழவி. "எனக்குத் தெரியாம அந்த மனுஷனுக்கு இப்படியும் ஒரு பழக்கம் இருந்துச்சா?"

"இல்லம்மா, அவரு எங்க ஆளு."

"உங்க ஆளுன்னா உங்க பக்கத்துல படுக்கச் சொல்லு. பட்டாணி நல்லா இருக்கு. அதை மட்டும் விட்டுட்டு ஆளைத் தூக்கு."

அடுத்தவர் ஒரு பண்ணைக்காரர். "அடுத்த வருஷம்னு போட்டிருக்கீங்களே, நிச்சயமா? டிராக்டர் வாங்கறதா இருந்தேன். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அதற்கடுத்து ஒரு பெண் பேசவே இல்லை, அழுதாள். விபெக்கெ வெகுநேரம் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் வைத்திருந்தாள். வைத்ததும் அஸ்கெரைப் பார்த்தாள்.

"யோவ் அஸ்கெர், உள்ளூர்ல ஒரு விதவையைக்கூட விடலியே நீ."

அவர் சிரிக்கவில்லை. திரையைத் திறந்து, ஒவ்வொரு கல்லாகப் பார்த்துக்கொண்டு போனார். எய்னர் க்ரோஸ்கோர் பக்கத்தில் தான். ஒரு பாதிரியாரின் மனைவி பக்கத்தில் தான். பள்ளியில் தனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாள் பக்கத்தில் தான். ஒவ்வொருவர் பக்கத்திலும் மெரெத்தெயின் காய், புழுத்துளையோடு.

பத்து மணிக்கு யெப்பெ ஆர்ஹூஸிலிருந்து வந்து சேர்ந்தான். வெள்ளைக் காலணியில் கல்மாவு.

"அஸ்கெர், நான் கோபப்படல. வருத்தப்படறேன். நம்பிக்கைதான் நம்ம கச்சாப் பொருள்."

"கிரானைட்டுன்னு நினைச்சேன்," என்றாள் விபெக்கெ.

"தாய் உருவை நேத்து இருந்த மாதிரி காலியா ஆக்கிடுங்க. எல்லாம் தானா சரியாயிடும். நேத்து பதிவான தப்பு வடிவத்தை வேரோட அழிக்கணும்னு சட்டப் பிரிவு சொல்லிடுச்சு. ஒருத்தர் பேரு நானூறு பேரோட கல்லுல. தனிநபர் தகவல் பாதுகாப்பு. ஒரு பிரதிகூட எங்கயும் இருக்கக் கூடாது."

"யாரோட தனிநபர் தகவல்?"

"உங்களோடதுதான், அஸ்கெர். உங்களைக் காப்பாத்தத்தான்."

அஸ்கெர் திரையில் இருந்த காயைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அந்தக் கொடி என் பொண்டாட்டி போட்டது. அதை மட்டும் எடுத்து வச்சுக்கறேன்."

யெப்பெ ஒரு மனிதனாக இருந்த அரிதான கணங்களில் அது ஒன்று. தாடியைத் தடவினான். "நான் பாக்கல," என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

விபெக்கெ காதோரம் வந்தாள். "போன்ல ஒரு படமும் எடுத்து வச்சுக்கய்யா."

"படத்தை வச்சு என்ன பண்றது? அது கறை. எனக்குக் கோடு வேணும். கோடுதான் வெட்டும்."

அவர் தன் பாதியை நகலெடுத்தார். புதிய கோப்பில் ஒட்டினார். பென் டிரைவில் சேமித்தார், சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். குழுமத்தின் வலையிலிருந்து வெளியே வந்துவிட்டது, இனி யாரும் தொட முடியாது. இருபத்தாறு வருடப் பழக்கம் சொல்லிற்று: நகல் என்றால் நகல். பிறகு அவரே தாய் உருவைக் காலியாக்கினார். நானூறு கற்களிலிருந்தும் அஸ்கெர் த்ரானெ ஒரே நொடியில் எழுந்து போனார். யெப்பெ தன் கடவுச்சொல்லைப் போட்டுப் பழைய வடிவத்தை வேரோடு அழித்தான். வெள்ளிக்கிழமை என்பதால் எல்லோரும் இலவங்கப்பட்டை ரொட்டி தின்றார்கள். யெப்பெ போனான்.

மத்தியானம், பட்டறை அமைதியான பிறகு, அஸ்கெர் பொத்தானைக் கழற்றிப் பென் டிரைவை எடுத்துச் செருகினார். ஒருதரம் பார்த்துவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். கோப்பு திறந்தது. ஒரு கணம், கண்ணிமைக்கும் ஒரு கணம், கொடி தெரிந்தது. அதன் மேல் ஒரு பெட்டி எழும்பியது.

சரி.

காலிப் பாதி. ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு, நடுவில் ஒன்றுமில்லை.

அவர் மூடித் திறந்தார். மூடித் திறந்தார். பென் டிரைவைப் பிடுங்கி ஊதி மறுபடி செருகினார். விபெக்கெ எழுந்து வந்தாள்.

"அந்தப் பெட்டியில என்ன கேட்டுச்சு?"

"தெரியல."

"படிக்கலியா?"

"தெரியலங்கிறேன்ல!"

பார்க்காமல் விட்ட பாடத்தை அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். பல்பசைக் குரல் மகிழ்ச்சியாக விளக்கியது. பிள்ளையை நகலெடுத்தால் அதுவும் பிள்ளைதான். எங்கே கொண்டுபோய் வைத்தாலும் தாயை மறக்காது. தாய் மாறியிருந்தால், திறக்கும்போது 'புதுப்பிக்கவா?' என்று கேட்கும். வேண்டாம் என்றால் இருந்தபடியே இருக்கும். நிரந்தரமாகத் தனியாக்க வேண்டுமென்றால், நகலெடுக்கும் முன் 'உறவை முறி' என்பதை அமுக்க வேண்டும். "பாத்தீங்களா? ஒரே ஒரு கிளிக்! பிரிவு அவ்ளோதான்!"

விபெக்கெ கை நீட்டி ஒலியை அணைத்தாள்.

திங்கட்கிழமை அவள் டாக்னி க்ரோஸ்கோரின் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள். கிழவி மின்னஞ்சலைத் தாளில் எடுத்துக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருந்தாள். "பக்கத்துல படுத்தவனைத் தேடி வந்துட்டீங்களா," என்று கேட்டாளாம். விஷயத்தைச் சொன்னதும் வேறொன்றும் பேசாமல் பிய்த்துக் கொடுத்தாளாம். தாளில் கல் தபால்தலை அளவு. காய் ஒரு அரிசி அளவு. அஸ்கெர் அதைத் திரைக்கு ஏற்றிப் பெரிதாக்கினார். சாம்பல் சதுரங்கள் வந்தன. இன்னும் பெரிதாக்கினார். இன்னும் பெரிய சதுரங்கள். புழுத்துளை இருந்த இடத்தில் சற்றே வெளுத்த ஒரு சதுரம்.

அவர் அந்தச் சதுரங்களின் மேலேயே வரைய ஆரம்பித்தார். இப்போது அந்த மென்பொருளில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. மூன்றாம் படியில் குழுமத்திலேயே முதலாவதாகத் தேறியிருந்தார், 'மிகச் சிறப்பு' என்று அட்டையும் வந்திருந்தது. புள்ளி வைத்தார், கைப்பிடியை வளைத்தார், சேர்த்தார், கழித்தார். காய் பிரமாதமாக வந்தது. பழுதே இல்லாமல் வந்தது, அதுதான் பழுது. மெரெத்தெ ஒரு கோட்டைக்கூட அப்படி நேராக இழுத்தவளில்லை, கை நடுங்காத காலத்திலேயே.

நடுக்கத்துக்கும் அந்த மென்பொருளில் ஒரு கருவி இருந்தது. 'கரடுமுரடாக்கு'. ஒன்றிலிருந்து நூறு வரை. ஐந்து வைத்தார், மழையில் நனைந்த கம்பளி மாதிரி இருந்தது. இருபது வைத்தார், முள்வேலி. பதினொன்று, பன்னிரண்டு. வலி தாங்காமல் நடுங்குகிற கைக்கு என்ன எண் என்று எந்தப் பாடத்திலும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க மத்தியான இடைவேளையில் எண்ணை மாற்றிக்கொண்டே இருந்தார். ரொட்டி காகிதத்திலேயே காய்ந்தது.

வெள்ளிக்கிழமை கோப்பை மூடப் போனார். பெட்டி எழும்பியது. அஸ்கெர் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு அதைப் படித்தார். 'நீங்கள் செய்த மாற்றங்களைச் சேமிக்கவா?' இன்னொரு முறை படித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உதடு அசைந்தது.

'வேண்டாம்' என்பதை அமுக்கினார்.

மேலங்கியை மாட்டிக்கொண்டு விபெக்கெயின் மேசைக்கு வந்தார். "என் கல்லுல, என் பாதிக்கு, பேரும் வருஷமும் மட்டும் போதும். குழுமம் வச்சிருக்கிற எழுத்துலயே போட்டுடச் சொல்லு. நான் இருக்க மாட்டேன், நீதான் பாத்துக்கணும்."

"காய்?"

"புழு முழுசா தின்னுடுச்சு."

விபெக்கெ எதுவோ சொல்ல வாயெடுத்தாள். தொலைபேசி அடித்தது. அவள் அதை எடுக்கவில்லை. மூன்றாவது மணியில் அஸ்கெர் எடுத்தார்.

"வணக்கம்," என்றார். "நினைவுப் பயணத்தில் உங்கள் வழித்துணை."